சாம்பல் கம்பியில் 5 வோல்ட் வரவில்லை

திங்கட்கிழமை மாலை 4 மணி இருக்கும். மல்டிமீட்டரின் கருப்பு முனையைக் கணினிக் கேபினெட்டின் தகரத்தில் அழுத்திப் பிடித்திருந்தேன். சிவப்பு முனையில் ஒரு குண்டூசியைச் சேர்த்துக் கட்டி, மதர்போர்டில் செருகியிருந்த 24 முனை இணைப்பின் பின்பக்கமாகச் சாம்பல் நிறக் கம்பி நுழையும் துளைக்குள் விட்டேன். மின்விசிறிகள் இரண்டும் சுழன்றுகொண்டிருந்தன, முகப்பில் பச்சை விளக்கு எரிந்தது, திரை மட்டும் கருப்பு. அந்தக் கம்பியில் 5 வோல்ட் இருக்க வேண்டும். மீட்டர் 0.2 காட்டியது. நான்கு நாளாகத் தேடிய இடமெல்லாம் வேறு இடம் என்று அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு வள்ளியூரில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. கிணற்று மோட்டார், போர்வெல் மோட்டார், மிக்சி, கிரைண்டர் எல்லாம் வரும். கணினி என் தொழில் அல்ல. ஆனால் இரண்டு கடை தள்ளி என் மதினி டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அங்கே எது நின்றாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார். நின்றது 2012-ல் வாங்கிய கணினி. ஐ3 2100 பிராசஸர், எச்61 சிப்செட் போர்டு, 2 ஜிபி டிடிஆர்3 ராம் இரண்டு, 450 வாட் என்று ஒட்டியிருந்த எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு வேண்டிய வோல்ட்டுகளாக மாற்றித் தரும் பெட்டி).

ஆடி மாதம் எங்கள் பக்கம் கொடைக் காலம், அதாவது கோயில் திருவிழாக் காலம். சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கியம்மன் என்று ஊருக்கு ஊர் கோயில் கொடை நடக்கும். குடியழைப்பு எத்தனை மணிக்கு, வில்லிசை யார், மதியக்கொடை, சாமக்கொடை எப்போது, வரி கொடுக்கும் குடும்பங்கள் எவை என்று நோட்டீஸ் அடிக்க மதினியிடம்தான் வருவார்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் கோயில் வாசலில் வழக்கு நடக்கும். வியாழக்கிழமை காலை கணினி நின்றபோது உள்ளே பிழை திருத்தி முடித்த நோட்டீஸ் ஒன்று இருந்தது. 140 குடும்பப் பெயர்கள். செவ்வாய் இரவுக்குள் அச்சுக்குப் போக வேண்டும்.

வியாழக்கிழமை செய்ததில் எனக்குக் குறை இல்லை. மானிட்டரையும் விஜிஏ கேபிளையும் மதினி மகனின் மடிக்கணினியில் மாட்டினேன், படம் வந்தது. ஆகவே மானிட்டர், கேபிள் இரண்டும் சரி. பிறகு விசைப்பலகையில் நம் லாக் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். அதன் விளக்கு எரிந்து அணைந்தால், கணினி உள்ளே வேலை செய்கிறது, படம் மட்டும் வரவில்லை என்று பொருள். விளக்கு அசையவே இல்லை. அதாவது போர்டு விழிக்கவே இல்லை.

அடுத்து ஹார்டு டிஸ்கைக் கழற்றி, யுஎஸ்பி-யில் மாட்டும் அடாப்டர் வழியாக மடிக்கணினியில் திறந்தேன். கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. நோட்டீஸ் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தது. மடிக்கணினியில் பேஜ்மேக்கரும் இல்லை, மதினி பயன்படுத்தும் பழைய தமிழ் எழுத்துருவும் இல்லை. எழுத்துருவையாவது சேர்த்துவிடலாம், பேஜ்மேக்கரை நிறுவும் குறுந்தகடு எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் கோப்பின் நகல் கையில் இருக்கிறது என்ற நிம்மதியோடு பழுது பார்ப்பது வேறு, இல்லாமல் பார்ப்பது வேறு. யாராக இருந்தாலும் இதை முதலில் செய்யுங்கள்.

தடம் மாறியது வியாழன் மாலையில். கேபினெட்டைத் திறந்ததும் செம்மண் தூசிதான் கண்ணில் பட்டது. ஆனி பிறந்துவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பணகுடிக் காற்றாலைகளைத் தாண்டி எங்கள் மேல்தான் வீசும். கதவைச் சாத்தினாலும் மேசையில் விரலால் எழுதலாம். பிராசஸரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்கின் இடுக்குகள் முழுக்கச் சிவப்பாக அடைத்திருந்தன. இவ்வளவு தூசி இருந்தால் ராமின் தொடுமுனைதான் கெட்டிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். ப்ளோயரால் ஊதினேன். ஊதும்போது மின்விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் அளவுக்கு மீறிச் சுழன்று அதன் தாங்கி கெடும். ராம் இரண்டையும் கழற்றி, பொன்னிறப் பட்டைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, துணியால் துடைத்து மாட்டினேன். வரவில்லை. ஒன்றை மட்டும் மாட்டினேன், இடம் மாற்றினேன், மறுபடி தேய்த்தேன். இரவு 10 மணி வரை இதே வேலை.

ராமில் கோளாறா இல்லையா என்று இரண்டே நிமிடத்தில் சொல்லக்கூடிய சோதனை ஒன்று இருந்தது. அதை வெள்ளிக்கிழமை காலையில்தான் செய்தேன். பட்டறையில் கிடந்த ஒரு பழைய கேபினெட்டிலிருந்து சின்ன பீப் ஸ்பீக்கரை எடுத்து, போர்டில் அதற்கென்று இருக்கும் முனைகளில் செருகினேன். ராம் இரண்டையும் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்தேன். ராமே இல்லாவிட்டால் போர்டு நீளமாக அலற வேண்டும். சத்தமே இல்லை. ராம் இல்லை என்று சொல்லக்கூட போர்டுக்கு உயிர் இல்லை என்றால், கோளாறு ராமுக்கு முந்தைய படியில் இருக்கிறது. மிச்சம் மூன்று: மின்சாரம், போர்டு, பிராசஸர்.

போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி, சிஆர் 2032, 3 வோல்ட்டுக்கு 2.4 காட்டியது. 40 ரூபாய்க்குப் புதிது வாங்கிப் போட்டேன். மாற்ற வேண்டியதுதான், ஆனால் பலன் இல்லை.

சனிக்கிழமை எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதித்தேன். சோதித்த விதம்தான் தவறு. எல்லா இணைப்புகளையும் போர்டிலிருந்து உருவிவிட்டு, 24 முனை இணைப்பில் பச்சைக் கம்பியையும் பக்கத்தில் இருக்கும் கருப்புக் கம்பியையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் தனியாக ஓடும். பாரமாக ஒரு சிறிய மின்விசிறியை மட்டும் மாட்டினேன். மஞ்சள் கம்பியில் 12.2, சிவப்பில் 5.1, ஆரஞ்சில் 3.3. ஒவ்வொன்றிலும் 5 சதவீதம் கூடுதல் குறைவு இருக்கலாம் என்பது கணக்கு. இவை அதற்குள் அழகாக அடங்கின. நோட்டில் 'எஸ்எம்பிஎஸ் நல்லது' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

இதை எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இந்தத் தவறை மற்றவர்கள் செய்யும்போது திருத்துகிறவன் நான். தோட்டத்திலிருந்து வருகிற அண்ணாச்சிமார் "மூன்று பேஸிலும் கரண்ட் நன்றாக இருக்கிறது, மோட்டாரில்தான் கோளாறு" என்பார்கள். நான் போய் ஸ்டார்ட்டரில் மீட்டரை வைத்துக்கொண்டு மோட்டாரைப் போடச் சொல்வேன். நிற்கும்போது 400 காட்டியது, பாரம் ஏறியதும் 320-க்கு இறங்கும். பாரம் இல்லாதபோது எடுக்கும் அளவு சாட்சி ஆகாது என்று அவர்களுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். கணினியின் முன் உட்கார்ந்தபோது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. இது வேறு உலகம் என்று நினைத்துவிட்டேன்.

அந்த அடிக்கோட்டை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமை பிராசஸரில் கை வைத்தேன். ஹீட்சிங்கின் நான்கு கால்களையும் கால் சுற்றுத் திருப்பி இழுத்தால் வந்துவிடும். அடியில் சூட்டைக் கடத்துவதற்காகப் பூசியிருந்த பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. பிராசஸரை எடுத்துப் பார்த்தேன், பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. திருப்பி வைக்கும்போது கரண்ட் போயிற்று. கடைக்குள் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை, கையெல்லாம் வியர்வை. பிராசஸரின் ஒரு மூலை விரலிலிருந்து வழுக்கி, அது உட்காரும் சாக்கெட்டின் மேல் தட்டியது. அரை அங்குல உயரம்கூட இருக்காது. ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்து மூடிவிட்டேன். புதுப் பேஸ்ட் 80 ரூபாய். கணினி அப்படியேதான் இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் மதினி சாப்பாடு கொண்டுவந்தார். பேச்சுவாக்கில் கேட்டார்: "தம்பி, ஒரு மாதமாகவே காலையில் மூன்று நான்கு தடவை போட்டு அணைத்தால்தான் வந்தது. ஒரு தடவை வந்துவிட்டால் இரவு வரை நன்றாக ஓடும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?"

கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டேன். குளிர்ந்திருக்கும்போது கிளம்ப அடம்பிடித்து, சூடு ஏறிய பின் ஒழுங்காக ஓடுவது கண்டென்சர் (மின்தேக்கி) காய்ந்துபோனதன் அடையாளம். ஒற்றை பேஸ் மோட்டாருக்குக் கண்டென்சர் எப்படியோ, எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் அது அப்படித்தான் உயிர்நாடி. "இதை ஏன் மதினி முதலிலேயே சொல்லவில்லை?" என்றேன். "நீங்கள் கேட்கவில்லையே தம்பி" என்றார். உண்மை. மோட்டார் கொண்டுவருகிறவரிடம் எப்போதிருந்து, எந்த நேரத்தில், என்ன சத்தம் என்று பத்துக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திறப்பேன். மதினியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் மறுபடி மாட்டி, கணினியை ஓடவிட்டு, இணைப்பின் பின்பக்கமாக அளந்தேன். ஆரஞ்சு 3.3, குறை இல்லை. மஞ்சள் 11.5, எல்லையின் ஓரம். சிவப்பு 4.5, குறைந்தது 4.75 வேண்டும். கடைசியாகச் சாம்பல் கம்பி, 0.2.

அந்தச் சாம்பல் கம்பியின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எஸ்எம்பிஎஸ் தன் வோல்ட்டேஜ் எல்லாம் நிலைப்பட்டதும், அரை விநாடிக்குள் அந்தக் கம்பியில் 5 வோல்ட்டை ஏற்றி 'நான் தயார்' என்று போர்டுக்குச் சொல்கிறது. அந்தச் சொல் வரும்வரை போர்டு பிராசஸரைத் தட்டி எழுப்பாது. மின்விசிறிக்கு அந்த உத்தரவு தேவையில்லை, மஞ்சள் கம்பியில் ஏறக்குறைய 12 வந்தாலே சுழலும். விசிறி சுழன்று, விளக்கு எரிந்து, திரையும் பீப்பும் இல்லாமல் கிடந்ததற்குக் காரணம் இதுதான்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறப்பதற்கு முன் ஒரு வார்த்தை. 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக மாற்றி உள்ளே வைத்திருக்கும்போது அது 325 வோல்ட். பிளக்கை உருவிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் அது தங்கியிருக்கும். நான் பிளக்கை உருவி 15 நிமிடம் விட்டு, திறந்ததும் முதல் வேலையாக அந்த இரண்டு கண்டென்சர்களின் கால்களிலும் மீட்டரை வைத்து, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகே விரலை உள்ளே விட்டேன். மின்வேலை பழகாதவர்கள் இந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம். புதிது வாங்குவதே சரி.

உள்ளே பார்த்தவுடன் தெரிந்தது. கம்பிகள் வெளியே போகும் பக்கத்தில் வரிசையாக ஐந்து கண்டென்சர்கள். இரண்டின் தலை தட்டையாக இருந்தது. மூன்றின் தலை, வெந்த இட்லி போல நடுவில் எழும்பியிருந்தது. ஒன்றில் சிலுவைக் கீறலின் வழியே கசிந்த பழுப்பு நீர் பிசின்போலக் காய்ந்திருந்தது. 2200 மைக்ரோ ஃபாரட் 10 வோல்ட் இரண்டு, 1000 மைக்ரோ ஃபாரட் 16 வோல்ட் ஒன்று. கழற்றி என் கண்டென்சர் மீட்டரில் போட்டேன். 2200 இருக்க வேண்டியது ஒன்று 380, இன்னொன்று 610. 1000 இருக்க வேண்டியது 290.

செவ்வாய் காலை முதல் பஸ்ஸில் திருநெல்வேலி ஜங்ஷன் போனேன். கடைக்காரர் "எதற்கு அண்ணாச்சி?" என்று கேட்டார். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு என்றதும், எடுத்த டப்பாவை வைத்துவிட்டு வேறு டப்பாவிலிருந்து 105 டிகிரி தாங்கும், உள்தடை குறைந்த வகையைக் கொடுத்தார். சாதாரண வகை இந்த இடத்தில் சூடேறிச் சில வாரத்திலேயே வீங்கிவிடும் என்றார். அவர் கேட்காமல் இருந்திருந்தால் நான் சாதாரண வகையைத்தான் வாங்கி வந்திருப்பேன். தலை எழும்பாததையும் சேர்த்து ஐந்தையும் மாற்ற முடிவு செய்தேன். ஐந்துக்கு 85 ரூபாய். விட்டம் அளக்கும் காலிப்பர் கொண்டுபோனது நல்லதாயிற்று; விட்டம் 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் பழைய இடத்தில் உட்காராது.

ஈயம் உறிஞ்சும் பம்பால் பழையதை எடுத்து, வெள்ளைக் கோடு இருக்கும் கால் எதிர்முனைத் துளையில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்து, புதியதைப் பற்றவைத்தேன். 60 வாட் சால்டரிங் அயர்ன் போதும் என்று இருந்தேன். கிரவுண்ட் இணைப்புக்கான செம்புத் தடம் அகலமானது, சூட்டை இழுத்துக்கொள்கிறது. ஈயம் உருக நேரம் எடுத்தது. மோட்டார் வேலைக்கு வைத்திருக்கும் 100 வாட் அயர்னால் தொட்டவுடன் உருகிவிட்டது. மூடி, மாட்டி, ஓடவிட்டு அளந்தேன். சிவப்பு 5.06, மஞ்சள் 12.08, சாம்பல் 4.98.

திரை வரவில்லை. ஆனால் ஸ்பீக்கர் அலறியது. நீளமான பீப், விட்டுவிட்டு.

முன்பு வாயே திறக்காத போர்டு இப்போது 'ராம் எங்கே' என்று கேட்கிறது. மின்சாரக் கோளாறு போயிற்று. இது இரண்டாவது கோளாறு. இரண்டாவது ராமைக் கழற்றினேன், திரையில் எழுத்து வந்தது. கழற்றியதையே முதல் இடத்தில் போட்டேன், அப்போதும் வந்தது. எந்த ராமை இரண்டாவது இடத்தில் போட்டாலும் அலறல். ஆகவே ராம்கள் நல்லவை, அந்த இடத்துக்குப் போகும் பாதை கெட்டிருக்கிறது. கணினி நிற்கும் வரை 4 ஜிபியும் ஓடியது. இடையில் அந்தப் பாதையைத் தொட்டது நான் ஒருவன்தான். இந்தப் பிராசஸரில் ராமுக்கான பாதை நேராகச் சாக்கெட்டின் ஊசிகள் வழியாகவே போகிறது. ஞாயிற்றுக்கிழமை மூலை தட்டியதில் ஏதோ ஊசி வளைந்திருக்கிறது.

அன்று அதைத் தொடவில்லை. பேட்டரி மாற்றியதால் தவறாக இருந்த தேதியைத் திருத்தி, 2 ஜிபியோடு மதினியிடம் கொடுத்தேன். இரவு 8.30-க்கு நோட்டீஸ் அச்சகத்துக்குப் போனது. கொடைக் குழுவில் பெரியவர் ஒருவர் 140 பெயர்களையும் விரல் வைத்து வாசித்து முடிக்கும் வரை நானும் அங்கேயே நின்றேன்.

ஊசியைச் சரிசெய்தது அடுத்த ஞாயிறு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாட்ச் பழுது பார்க்கும் அண்ணாச்சியிடம் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் கண்ணாடியை ஒரு மணி நேரத்துக்கு வாங்கி வந்தேன். சாக்கெட்டில் 1155 ஊசிகள். மேலிருந்து நேராக வெளிச்சம் அடித்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். கைபேசி விளக்கைப் பக்கவாட்டில், ஏறக்குறைய படுக்கை வசமாகப் பிடித்தேன். அறுவடைக்கு முந்தின வயலில் காற்று சாய்த்த கதிரைப் போல, வரிசை வரிசையாக மினுங்கிய பொன் புள்ளிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் மினுங்காமல் பக்கத்து ஊசியின் மேல் சாய்ந்து கிடந்தது. மூலையிலிருந்து உள்ளே நாலாவது வரிசை.

மெல்லிய தையல் ஊசியைப் பென்சிலின் முனையில் குத்திப் பிடி செய்துகொண்டேன். வாட்ச் அண்ணாச்சி சொல்லி அனுப்பியிருந்தார்: "மூச்சை அடக்கிக்கொண்டு தொடாதே தம்பி, கை நடுங்கும். மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டுத் தொடு." அப்படியே செய்தேன். ஒரே தள்ளில் நிமிர்த்தினால் முறிந்துவிடும் என்ற பயத்தில், ஒவ்வொரு முறையும் மயிரிழை அளவு தூக்கி, விளக்கைப் பிடித்துப் பார்த்து, மறுபடி தூக்கினேன். 40 நிமிடம் ஆயிற்று. அக்கம்பக்கத்து ஊசிகளோடு அதுவும் ஒரே சாய்வில் மினுங்கியபோது நிறுத்திக்கொண்டேன். இந்த முறை கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து, பிராசஸரின் இரண்டு ஓரத்துப் பள்ளங்களையும் சாக்கெட்டின் மேடுகளோடு பொருத்தி, இரண்டு கை விரல்களாலும் கிடைமட்டமாக இறக்கினேன். ஹீட்சிங்கின் கால்களைக் குறுக்கு மூலைகளாக, நான்கு 'டக்' சத்தமும் கேட்க அழுத்தினேன். இரண்டு ராம், 4 ஜிபி, திரை வந்தது.

செலவு: பேட்டரி 40, பேஸ்ட் 80, கண்டென்சர் 85, பஸ் டிக்கெட் தனி. பேஸ்ட் எப்படியும் மாற்ற வேண்டியதாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 80 ரூபாய் வேலையில்தான் ஊசியை வளைத்தேன்.

மறுபடி இப்படி ஒரு கணினி வந்தால் வரிசையை மாற்றுவேன். முதலில், பயன்படுத்துகிறவரிடம் ஒரு மாதக் கதை. பிறகு மானிட்டர், நம் லாக், ராமைக் கழற்றிவிட்டு பீப். அதற்கும் பதில் இல்லை என்றால், எதையும் கழற்றாமல், ஓடும் நிலையிலேயே சிவப்பும் மஞ்சளும் சாம்பலும். இவ்வளவுக்கும் அரை மணி நேரம் போதும். பக்கத்து ஸ்டூடியோவில் எஸ்எம்பிஎஸ்ஸைப் பத்து நிமிடம் கடன் கேட்டு மாட்டிப் பார்ப்பது இன்னும் எளிது, கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். வேறு எல்லாவற்றையும் சோதித்து முடிக்காமல் பிராசஸரின் நெம்புகோலைத் தூக்க மாட்டேன்.

மதினியிடம் புது எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறேன். நான் மாற்றியது வெளியேறும் பக்கத்துக் கண்டென்சர்களை மட்டும். 325 வோல்ட் பக்கத்தில் இருப்பவை 2012-ல் வந்தவைதான், அதே தூசியையும் சூட்டையும் தின்றவை. புதியது வந்ததும் இது அவசரத்துக்கு மாற்றாக அலமாரிக்குப் போகும். அதுவரைக்கும் செவ்வாய்க்கிழமை எடுத்த மூன்று அளவுகளையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். காற்று ஓய்ந்து, ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒருமுறை திறந்து தூசியை ஊதி, அதே மூன்று கம்பிகளையும் ஓடும்போது அளந்து பக்கத்தில் எழுத வேண்டும்.